தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து விமானம் ஏறுவோருக்கு: தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போடுவது எப்படி?

சேலத்தில் இருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இதைக் கேட்டதும் தருமபுரிப் பக்கம் பலர் யோசிக்காமல் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பேருந்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து போகிற ஊருக்கு ஒரே மணி நேரம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அந்த ஒரு மணி நேரம் சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் தொடங்கி, சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்தில் முடிந்துவிடுகிறது. நம் பயணமோ பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ காவேரிப்பட்டணத்திலோ வீட்டு வாசலில் தொடங்குகிறது. வாசலில் இருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் என்று பார்த்தால்தான் எந்த விமான நிலையம் நமக்குத் தோது, விமானமே தேவைதானா என்பதெல்லாம் தெளிவாகும். முதல் முறை விமானத்தில் போகிறவர்களும், வேலைக்காக ஓசூர், போச்சம்பள்ளிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்களும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

முதலில், எந்த நிலையம் எவ்வளவு தூரம்

இரண்டு மாவட்டங்களிலும் பயணிகள் விமான நிலையம் கிடையாது. ஓசூர் அருகே பேளகொண்டப்பள்ளியில் ஓடுபாதை ஒன்று உண்டு. அது தனியார் நிறுவனத்துக்குச் சொந்தமானது, அங்கே டிக்கெட் எடுத்து ஏறுகிற விமானம் எதுவும் வருவதில்லை. ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு சட்டப்பேரவையில் அறிவித்தது. அதை வைத்து மனை விற்கிறவர்கள் "ஏர்போர்ட் பக்கத்துல" என்று சொல்வார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்கான ஒப்பந்தத்தில், 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய விமான நிலையத்துக்கு 2033 வரை தடை இருக்கிறது, மைசூரு, ஹாசன் ஆகிய இரண்டுக்கு மட்டும் விலக்கு. ஆகவே பயணத் திட்டத்தில் ஓசூரை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம்.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இரண்டு. ஒன்று சேலம் விமான நிலையம். பெயர்தான் சேலம், இருப்பது ஓமலூர் அருகே காமலாபுரத்தில். சேலம் நகரத்தைத் தாண்டாமலே போய்விடலாம் என்பது தருமபுரிக்காரர்களுக்கு நல்ல வசதி. தருமபுரியில் இருந்து தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியில் இருந்து 95 வரும். இன்னொன்று தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம். ஓசூரில் இருந்து சுமார் 75, கிருஷ்ணகிரியில் இருந்து 125, தருமபுரியில் இருந்து 170 கிலோமீட்டர். பெங்களூரு ஊருக்குத் தெற்கே நாம் இருக்கிறோம், விமான நிலையம் வடக்கே இருக்கிறது. மொத்த நகரத்தையும் குறுக்கே கடந்தாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கோயம்புத்தூரும் சென்னையும் அதற்கப்புறம்தான். சிங்கப்பூர், ஷார்ஜா போகிறவர்கள் கோவையையும் பார்க்கலாம். தருமபுரியில் இருந்து நான்கு மணி நேரம் ஆகும், வழி நெடுக நல்ல சாலை.

வான்வழித் தூரத்தை நீங்களே அளக்கலாம்

இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் தூரம் சொல்லும் இணையக் கருவிகள் நிறைய இருக்கின்றன. அவை காட்டுவது உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய கோட்டின் நீளம். அந்தக் கணக்கில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை, காகிதமும் செல்போனும் இருந்தால் போதும்.

சேலம் விமான நிலையம் வடக்கு 11.78 பாகை, கிழக்கு 78.07 பாகையில் இருக்கிறது. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17. வடக்குத் தெற்காக வித்தியாசம் 1.21 பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்பதால் 134 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக வித்தியாசம் 2.10 பாகை. துருவத்தை நோக்கிப் போகப் போக இந்தப் பாகைகள் குறுகும், நம் பக்கத்தில் ஒரு பாகை சுமார் 108.5 கிலோமீட்டர். பெருக்கினால் 228. அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: 134-இன் வர்க்கத்தையும் 228-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 264.5. சுமார் 265 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சாலையில் சேலம் – சென்னை 340 கிலோமீட்டர்.

இந்தக் கணக்கு வேண்டாம் என்றால் கூகுள் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, 'தூரத்தை அளவிடு' என்பதைத் தேர்ந்தெடுத்து, அடுத்த நிலையம் வரை கோட்டை இழுங்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் கோடு எந்த ஊருக்கு மேலே போகிறது என்றும் தெரிகிறது. சேலம் – சென்னைக் கோடு அரூரை ஒட்டிச் சென்று, திருவண்ணாமலைக்குச் சற்று வடக்கே போகிறது. சேலம் – பெங்களூருக் கோடு தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் நடுவே போகிறது.

அலகைக் கவனியுங்கள். சில கருவிகள் மைலில் காட்டும், சில கடல் மைலில் காட்டும். விமானிகள் பயன்படுத்துவது கடல் மைல், அது 1.852 கிலோமீட்டர். அதே சேலம் – சென்னை 165 மைல் என்றும் 143 கடல் மைல் என்றும் வரும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'இவ்வளவு பக்கமா' என்று நினைக்கிறவர்கள் உண்டு. இன்னொரு குழப்பம், சில கருவிகள் விமான நிலையத்தை விட்டுவிட்டு ஊரின் நடுப்புள்ளியில் இருந்து அளக்கும். தேவனஹள்ளி போல ஊரைவிட்டு வெகுதூரத்தில் இருக்கும் நிலையங்களில் இதனாலேயே முப்பது கிலோமீட்டர் வரை மாறிவிடும்.

பறக்கும் நேரம்: எந்த விமானம் என்று பார்த்தாக வேண்டும்

முதல் முறை போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தூரம் காட்டும் கருவிகள் பல, ஜெட் விமானத்தின் வேகமான மணிக்கு 800, 900 கிலோமீட்டரால் வகுத்து நேரம் சொல்லிவிடும். சேலம் – சென்னைக்கு 20 நிமிடம் என்றுகூட வரும். சேலத்தில் ஜெட் இறங்குவதில்லை. அங்கே ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானங்களின் அன்றாடச் சேவைக்கு அது போதாது. வருவது ஏடிஆர் 72 என்ற, இரண்டு சுழல்விசிறி வைத்த சிறிய விமானம். எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்.

நான் வைத்திருக்கிற கணக்கு எளிது. ஏடிஆர் என்றால் நிமிடத்துக்கு 8 கிலோமீட்டர், ஜெட் என்றால் நிமிடத்துக்கு 13 கிலோமீட்டர். தூரத்தை வகுத்து வருகிற விடையோடு 30 நிமிடம் கூட்டுங்கள். அந்த 30 நிமிடம் எதற்கு என்றால், விமானம் நின்ற இடத்தில் இருந்து ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போகும், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகத்தில் போகாது, இறங்கும் ஊரில் ஓடுபாதைக்கு நேராக வரச் சுற்றி வளைத்து வரும், இறங்கிய பிறகு நிற்கும் இடத்துக்கு ஊர்ந்து வரும். விமான நிறுவனங்கள் அட்டவணையில் போடும் நேரம் இவை எல்லாவற்றையும் சேர்த்ததுதான்.

சேலம் – சென்னை: 265-ஐ 8-ஆல் வகுத்தால் 33 நிமிடம், 30 கூட்டினால் 63. ஒரு மணி நேரம் என்று சொல்வது சரியாக வந்துவிட்டது. சேலம் – ஐதராபாத் வான்வழியில் 607 கிலோமீட்டர், ஆகவே 1 மணி 45 நிமிடம். சேலம் – கொச்சி 257 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சேலம் – பெங்களூரு வெறும் 162 கிலோமீட்டர், 50 நிமிடம். இதில் பறக்கிற நேரத்தைவிட ஊர்கிற, ஏறுகிற, இறங்குகிற நேரமே அதிகம் என்பதைக் கவனியுங்கள். தூரம் குறையக் குறைய விமானத்தின் வேகத்துக்கு மதிப்பும் குறைகிறது. ஜெட்டுக்கு ஒரு எடுத்துக்காட்டு: பெங்களூரு – டெல்லி 1,710 கிலோமீட்டர், 13-ஆல் வகுத்து 30 கூட்டினால் 2 மணி 40 நிமிடம் சொச்சம்.

வெளிநாட்டு டிக்கெட் என்றால் புறப்படும் நேரத்தை வந்து சேரும் நேரத்தில் இருந்து கழிக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊர் நேரத்தில்தான் அச்சாகியிருக்கும். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

வாசலில் இருந்து வாசலுக்கு

இனிதான் முக்கியமான கணக்கு. ஐந்து துண்டுகளாகப் பிரியுங்கள்: வீட்டில் இருந்து விமான நிலையம், அங்கே காத்திருப்பது, பறப்பது, இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வருவது, அங்கிருந்து போக வேண்டிய இடம்.

தருமபுரியில் இருந்து சென்னை சென்ட்ரல் போகிறீர்கள். காமலாபுரம் போக ஒரு மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். பறக்க ஒரு மணி நேரம். வெளியே வர அரை மணி. மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி. மொத்தம் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. கார் எடுத்தால் அதே 300 கிலோமீட்டரை ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். மொரப்பூர் வந்து ரயில் ஏறினாலும் ஏறத்தாழ அவ்வளவுதான், செலவு பல மடங்கு குறைவு. அரூர், கம்பைநல்லூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மொரப்பூர் ரயிலைவிட நல்ல வழி இல்லை என்பேன்.

கிருஷ்ணகிரியில் இருந்து சென்னைக்கு விமானம் என்பது வீண் செலவு. சென்னை கிழக்கே 260 கிலோமீட்டர், நீங்களோ 95 கிலோமீட்டர் தெற்கே இறங்கி விமானம் ஏறுவீர்கள். சாலையில் நாலரை மணி நேரம் ஆகிற பயணத்துக்கு ஐந்தரை மணி நேரம் ஆகும்.

ஐதராபாத் என்றால் கதை வேறு. தருமபுரியில் இருந்து பேருந்தில் ஒரு முழு இரவு. சேலம் வழியாகப் போனால், ஒரு மணி நேரச் சாலை, ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு, 1 மணி 45 நிமிடப் பறத்தல், அரை மணி நேரம் வெளியே வர. ஐந்து மணி நேரத்துக்குள் ஐதராபாத்தின் ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு வெளியே நிற்கலாம். பெங்களூரு போய் ஏறினால், ஜெட் ஒரு மணி நேரம் சொச்சத்தில் ஐதராபாத் போய்விடும்தான், ஆனால் தேவனஹள்ளி போகவே நாலு மணி நேரம், அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் ஏழே முக்கால் வரும். வேகம் குறைந்த விமானம் மூன்று மணி நேரம் முன்னதாகக் கொண்டுசேர்க்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். பெங்களூரில் நாள் முழுக்க ஐதராபாத் விமானம் இருப்பதால் நேரத்துக்குத் தகுந்தபடி முடிவு செய்யலாம். ஓசூர்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், பெங்களூருதான்.

டெல்லி, மும்பை, கொல்கத்தா போன்ற தொலைவான ஊர்களுக்கு நேரடி விமானம் வேண்டுமென்றால் தேவனஹள்ளிதான். தருமபுரியில் இருந்து சேலம் – ஐதராபாத் – டெல்லி என்று மாறிப் போனாலும் மொத்த நேரம் கிட்டத்தட்ட சமமாகவே வரும். சாலையில் அலைச்சல் குறைவு என்பதால் வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு அந்த வழி தேவலை.

சேலம் – பெங்களூரு விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தருமபுரிக்காரர் 45 கிலோமீட்டர் தெற்கே போய், ஏறி, தன் மாவட்டத்துக்கு மேலேயே திரும்பிப் பறந்து பெங்களூரு போவதில் பொருள் இல்லை. பெங்களூரில் இறங்கி நிலையத்தைவிட்டு வெளியே வராமலே அடுத்த விமானம் மாறுகிறவர்களுக்கு மட்டும்தான் அது உதவும்.

சாலையில் போகும் நேரம்

தருமபுரி – காமலாபுரம் வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் விபத்துகள் அடிக்கடி நடக்கிற இடம். விபத்து நடந்தால் மணிக்கணக்கில் வண்டிகள் நிற்கும். கிளம்பும் முன் மேப்பில் தொப்பூர்ப் பகுதி சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், அரை மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இறங்கும்போது அவசரம் வேண்டவே வேண்டாம். பேருந்தில் வந்தால் சேலம் வண்டியில் ஓமலூர் நின்று போகுமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறி, அங்கே ஆட்டோ பிடியுங்கள்.

பெங்களூரு வழியில் ஓசூர்வரை ஒரு சிக்கலும் இல்லை. அத்திப்பள்ளி தாண்டியதும்தான் கணக்கு கலைகிறது. எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். விடியற்காலை நாலு மணிக்கு ஓசூரைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம், காலை ஒன்பது மணிக்குத் தாண்டினால் மூன்று மணி நேரம்கூட ஆகலாம். திங்கள் காலையும் வெள்ளி மாலையும் மோசம். சொந்த வண்டியில் பகலில் போகிறவர்கள் ஓசூரில் இருந்து பாகலூர், மாலூர், ஹோஸ்கோட்டே வழியாகத் தேவனஹள்ளிக்குப் போகலாம், நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். பேருந்தில் போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா ஏசி பேருந்தைப் பிடிக்கலாம். பெங்களூரில் இரண்டு முனையங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் டெர்மினல் ஒன்றா இரண்டா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை விமானங்கள் பனிமூட்டத்தால் தாமதமாவது அங்கே வழக்கம். அந்த மாதங்களில் அடுத்த விமானத்துக்கு மாறும் இடைவெளியைத் தாராளமாக வையுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது

முதலில் அந்த நாளில் விமானம் ஓடுகிறதா என்று பாருங்கள். சேலத்துக்குச் சேவை வருவதும் நிற்பதுமாக இருந்த வரலாறு உண்டு. சிறிய ஊர்களுக்கும் மானியத்தோடு விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் தொடங்கியது, 2021-இல் நின்றது, 2023 அக்டோபரில்தான் மறுபடி வந்தது. உதான் தொடங்கியபோதே அதன் அளவுகோல், 500 கிலோமீட்டர் அல்லது ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்பதுதான். இந்த உச்சவரம்பு விமானத்தின் எல்லா இருக்கைகளுக்கும் கிடையாது, ஒரு பகுதிக்கு மட்டும்தான். அரசின் மானியக் காலம் முடிந்ததும் பல தடங்களில் சேவை குறையும். அதோடு ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அட்டவணை மாறும். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் போய்வந்த நேரத்தை நம்பாமல், விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பாருங்கள்.

மாறிப் போவதாக இருந்தால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் நூறு, இருநூறு மிச்சமாகும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்தப் பணம் போனதுதான், பெட்டியையும் நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் முழுப் பணத்தையோ வேறு விமானத்தையோ கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சேலத்தில் ஒரு தடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு விமானம் என்பதால் 'வேறு விமானம்' மறுநாளாகவே இருக்கும். நேர்காணல், தேர்வு, திருமணம் என்று தள்ளிப்போட முடியாத காரியம் என்றால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புவது நல்லது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிச் சிக்கல். நமக்கு இனிஷியல், அவர்கள் படிவத்திலோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளைப் போடுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலை ஏற்றுக்கொள்ளவில்லை என்றால் அப்பா பெயரை முழுதாக எழுதலாம்.

போகிற அன்று

பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும், ஏறும் வாசல் 25 நிமிடம் முன்பு மூடும். சேலம் சின்ன நிலையம் என்பதால் வரிசை குறைவுதான், அதற்காக மூடும் நேரம் தள்ளிப்போகாது.

உள்நாட்டு விமானங்களில் பொதுவாக ஒப்படைக்கும் பெட்டி 15 கிலோ, கையில் 7 கிலோ. மாம்பழ சீசனில் இது ரொம்ப முக்கியம். கிருஷ்ணகிரியில் இருந்து போகிறவர் உறவினருக்குப் பத்துக் கிலோ மாம்பழப் பெட்டி கட்டினால் துணிமணிக்கு மிஞ்சுவது ஐந்து கிலோ. பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, வீட்டிலேயே எடை பார்த்துவிடுங்கள், மிஞ்சிய ஒவ்வொரு கிலோவுக்கும் அங்கே கேட்கிற பணத்தில் இன்னும் நிறைய மாம்பழம் வாங்கலாம். ஊறுகாய் ஜாடியைக் கைப்பையில் வைக்காமல் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள்.

ஏடிஆரில் ஏறும் வாசல் பின்பக்கம் இருக்கும், பின் வரிசைக்காரர்களுக்கு நடை குறைவு. ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடு இருக்கை கிடையாது. தலைக்கு மேல் இருக்கும் அடுக்கு சிறியது, சக்கரம் வைத்த பெரிய பெட்டி அதில் நுழையாது, அதனால் கைப்பை மெல்லியதாக இருக்கட்டும். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் தரை மறையாமல் தெரியும். சென்னை விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால் ஏறிய சில நிமிடங்களில் சேர்வராயன் மலையும் அப்புறம் சித்தேரி மலையும் தெரியும்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும். பெங்களூரில் இரவு பதினோரு மணிக்கு இறங்கினால் பெட்டி எடுத்து வெளியே வர நள்ளிரவு ஆகிவிடும், அதற்கு மேல் ஓசூர்ப் பக்கம் பேருந்து பிடிப்பது கஷ்டம், டாக்சிக்காரர் கேட்பது விமான டிக்கெட் அளவுக்கு வரும். மாலை ஐந்து மணிக்குள் இறங்கும் விமானம் சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.